மச்சம் எடுக்கப் போறீங்களா? முதல்ல பில் கேளுங்க!

அவிநாசியில் தேர் சமயத்தில் வைக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுகளுக்குப் போட்டியாக, இப்போதெல்லாம் வருஷம் முழுக்க ஒரு போர்டு கண்ணில் படுகிறது. "லேசர் முறையில் மச்சம், மரு நீக்கப்படும். 5 நிமிடம். வலி இல்லை, தழும்பு இல்லை." பக்கத்தில் மச்சமே இல்லாத ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக் கொண்டிருப்பாள். அவிநாசி என்றில்லை, திருப்பூர், கோவை என்று எங்கே போனாலும் இதே கதைதான். காலேஜ் பஸ் ஜன்னலில் இருந்து தினமும் பார்க்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மனப்பாடம். என்ன எழுதவில்லை என்பதைத்தான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. 'டாக்டர்' என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை!

அந்த போர்டு மேல் உள்ள கோபத்தில் எழுதும் கட்டுரை இது. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் கதை.

என் பெரியம்மா பெண்ணுக்கு (இனி அக்கா) இடது கன்னத்தில் ஒரு மச்சம். மிளகு சைஸ். சின்ன வயதில் இருந்தே இருப்பது, யாரும் அதைப் பெரிதாக நினைத்தது கிடையாது. போன வருஷம் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, காபி எல்லாம் முடித்த பிறகு மாப்பிள்ளையின் அத்தை மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க, அம்மிணிக்கு அந்த மச்சத்த மட்டும் எடுத்துட்டா மூஞ்சி இன்னும் பளிச்சுன்னு இருக்குமில்லீங்க?"

அவ்வளவுதான். அந்த வரன் அமையவில்லை. ஆனால் அந்த அத்தை சொன்னது மட்டும் பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த வாரமே பார்லர். நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். கூடவே அம்மிச்சியும் ஒட்டிக்கொண்டது.

ஒரு மச்சத்துக்கு 800 ரூபாய். மரத்துப்போக ஒரு க்ரீம் தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து டப் டப் என்று பொறி பறக்க ஐந்து நிமிஷம். முடி கருகும் வாசம் அடித்தது. அவ்வளவுதான் வேலை. அம்மிச்சியின் மூக்கோரம் இருக்கும் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கும் எடுத்துரலாங்க, ரெண்டும் சேர்த்து 1,200 குடுங்க போதும்" என்றார் பார்லர் அக்கா. "போற வயசுல எனக்கெதுக்கு சாமி அதெல்லாம்" என்று அம்மிச்சி எழுந்து வெளியே போய்விட்டது. பணத்தை போனில் அனுப்பினோம். பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எந்த பார்லர் என்று எழுதப் போவதில்லை. இது ஒரு கடையின் பிரச்சனை இல்லை.

ஏழு மாதம் ஓடியது. வேறு ஒரு நல்ல இடம் அமைந்து நிச்சயமும் முடிந்து, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தத் தழும்புக்குள் இருந்து மறுபடி கறுப்பு தலை காட்டியது. பழைய மச்சம் உருண்டையாக, காம்பஸில் வரைந்த மாதிரி இருக்கும். புதியது கோணல்மாணல். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. பார்லரில் கேட்டதற்கு "டச்சப் ஃப்ரீங்க, வாங்க" என்றார்கள். அக்காவுக்கே ஏதோ உறுத்தியது. கோவையில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

அவர் லைட் வைத்த ஒரு லென்ஸை கன்னத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எடுத்தத டெஸ்டுக்கு அனுப்புனாங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். அனுப்பறதுக்கு ஒண்ணுமே மிஞ்சலீங்க, அப்படியே கருக்கிட்டாங்க."

"யாரு எடுத்தது? டாக்டரா?"

"பார்லர்லீங்க."

"சரி... முன்னாடி எப்படி இருந்துச்சு? போட்டோ ஏதாச்சும் இருக்குதா?"

போட்டோவுக்கா பஞ்சம்! அக்காவின் போனில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து தேடினோம். ஒன்றில்கூட மச்சம் இல்லை. எல்லாமே பியூட்டி ஃபில்டர் போட்டு எடுத்தவை. பார்லர் எரிப்பதற்கு மூன்று வருஷம் முன்பே போன் அந்த மச்சத்தைத் துடைத்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்ததில் ஒரே ஒரு ஆதாரம் கிடைத்தது. அக்காவின் பிளஸ் டூ டி.சி. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்'. அளவு கிடையாது, நிறம் கிடையாது, ஓரம் எப்படி என்று கிடையாது. டி.சி.யை வைத்து டாக்டர் என்ன செய்வார்?

அவர் திட்டவில்லை. "பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா பெரும்பாலும்னு சொல்லி உங்கள அனுப்ப முடியாது" என்று மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்தை வெட்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார். ரிசல்ட் வர பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் எங்கள் வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. அச்சாகி வந்த பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் சாமி ரூமில் கிடந்தது.

ரிசல்ட் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் ரிசல்ட் எப்படி வந்திருந்தாலும் என் வாதம் மாறாது.

என் வாதம் இதுதான்: பார்க்காமல் எரிக்காதே. மச்சம் எடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. லேசரே மோசம் என்றும் சொல்லவில்லை. ஆடிட்டர் பார்க்கும் முன்னால் கணக்கு நோட்டை எரித்துவிட்ட ஒரு கம்பெனியை நினைத்துப் பாருங்கள். கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் இனி அதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு மச்சம் என்ன ரகம் என்று பார்க்காமல் கருக்குவதும் அதேதான். அதை 'அழகு சேவை' என்று பெயர் வைத்து விற்பதுதான் என் கோபம்.

லேசர் என்றால் என்ன, பேனா என்றால் என்ன

இதைத் தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது (காமர்ஸ் ஆள் என்பதால் இரண்டு மடங்கு நேரம் ஆனது!). தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் வகை செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். சில மச்சங்கள் தோலின் மேல்பரப்போடு நின்றுவிடும். சிலது ஆழமாக வேர் விட்ட மாதிரி உள்ளே போயிருக்கும்.

தோலுக்குப் பயன்படும் லேசரில் பல ரகம். மச்சத்துக்கு அதிகம் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கண்டுபிடித்தவர் நம்ம நாட்டுக்காரர், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அந்தக் கதிரின் வெப்பத்தைத் தோலில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். செல்கள் ஆவியாகிவிடும். அடுக்கு அடுக்காக இப்படிச் சீவிக்கொண்டே போகலாம். இன்னொரு ரகம் நிறத்தை மட்டும் குறிவைத்து உடைப்பது. பச்சை குத்தியதை அழிப்பது இந்த ரகத்தில்தான். இதனால் கறுப்பு மறையலாம், ஆனால் மச்சத்தின் செல்கள் அடியில் அப்படியே இருக்கலாம்.

இரண்டிலும் ஒரு விஷயம் பொது. வேலை முடிந்த பிறகு கையில் எதுவும் இருக்காது. கத்தியால் வெட்டி எடுத்தால் ஒரு துண்டு மிஞ்சும், அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். லேசரில் மிஞ்சுவது புகை மட்டும்தான்.

அடியில் செல்கள் மிச்சம் இருந்தால் மச்சம் திரும்ப முளைக்கும். அக்காவுக்கு நடந்தது அதுதான். தழும்புக்குள் வளர்வதால் அதன் ஓரம் கோணலாகும், நிறம் திட்டுத்திட்டாகும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் நிபுணர்களையே அது குழப்பும். 1975லேயே இதற்கு 'சூடோமெலனோமா', அதாவது போலி மெலனோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் எடுத்த துண்டின் ரிப்போர்ட் இருந்தால் குழப்பம் தீரும். அக்காவிடம் இருந்தது டி.சி. மட்டும்.

இதில் பெரிய கொடுமை, அந்த பார்லரில் இருந்தது லேசரே இல்லை! பொறி பறந்தது என்று சொன்னேன் அல்லவா? அது 'பிளாஸ்மா பேனா' எனப்படும் சாதனம். நுனியில் சின்ன மின்பொறி உண்டாக்கித் தோலைச் சுடும், அவ்வளவுதான். ஆன்லைனில் செல்போன் கவர் விற்பது மாதிரி விற்கிறார்கள். அந்தக் காலத்தில் மரு மேல் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுடுவார்கள், குதிரை முடி கட்டி அறுப்பார்கள். இந்தப் பேனா அதே சுண்ணாம்புதான். சார்ஜர் மட்டும் சேர்ந்திருக்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., அமேசான் உள்பட மூன்று நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மச்சத்தையும் மருவையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கடையில் விற்கும் எந்த மருந்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று தெளிவாகச் சொன்னது. அவர்கள் சொன்ன முக்கியமான காரணமும் இதுதான்: தோல் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப் போய்விடும்.

"நமக்கெல்லாம் அது வராதுப்பா"

புற்றுநோய் என்றதும் உடனே வரும் பதில் இது. பாதி உண்மை. மெலனோமா எனும் மச்சப் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் அதிகம். நம்மிடம் அபூர்வம். நம் கறுப்பே நமக்குக் குடை.

ஆனால் குடைக்கு வெளியே சில இடங்கள் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. காட்டு வேலைக்கு வெறுங்காலோடு போகிறவர்கள் உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று வந்தால் ஆணி என்றோ, முள் குத்திய தழும்பு என்றோ விட்டுவிடுவார்கள். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டை விரலில்தான் வந்தது. பந்து விளையாடியதில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

இன்னொன்றும் இருக்கிறது. வயதானவர்களுக்கு முகத்தில் வரும் 'பேசல் செல்' வகைப் புற்றுநோய் நம் ஊர்த் தோலில் பல சமயம் கறுப்பாகத்தான் இருக்கும். பார்த்தால் சாதாரண மச்சம் என்றே தோன்றும். இது மெலனோமா அளவுக்குப் பயங்கரம் இல்லை. ஆரம்பத்திலேயே முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேலோட்டமாகக் கருக்கி மூடிவிட்டால் அடியில் வளர்ந்து கொண்டே போகும்.

கவனிக்க வேண்டியவை என்று டாக்டர்கள் சொல்வது ஐந்து. ஒரு பாதி இன்னொரு பாதி மாதிரி இல்லாமல் இருப்பது, ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம் இருப்பது, 6 மில்லிமீட்டருக்கு மேல் (பென்சில் பின்னால் இருக்கும் ரப்பர் அளவு) இருப்பது, எல்லாவற்றையும் விட முக்கியமாக, மாறிக்கொண்டே இருப்பது. அரித்தாலோ ரத்தம் கசிந்தாலோ அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. காட்ட வேண்டும் என்று அர்த்தம்.

காட்டுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? அக்காவோடு போன அன்று அம்மிச்சியின் மூக்கோரப் புள்ளியையும் டாக்டர் அதே லென்ஸில் பார்த்தார். இரண்டு நிமிஷம். "வயசானா வர்ற மருதானுங்க பாட்டி, ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். தனியாகப் பணம்கூட வாங்கவில்லை. எரித்த பிறகு பார்த்ததில் அக்காவுக்குப் பதினொரு நாள் போனது. எரிக்காமல் பார்த்ததில் அம்மிச்சிக்கு இரண்டு நிமிஷம்!

ஒரே மச்சம், மூன்று வரி

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். ஜிஎஸ்டியில் மருத்துவ சேவைக்கு வரி கிடையாது. ஆனால் முடி நடுவதும் காஸ்மெடிக் சர்ஜரியும் அந்த விலக்கில் வராது. பிறவிக் குறையையோ விபத்தில் பட்டதையோ சரிசெய்வதாக இருந்தால்தான் விலக்கு. மற்றபடி 18 சதவீதம். அழகு நிலைய சேவைக்கு 18 ஆக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள்.

கவனியுங்கள். நோய் என்று சந்தேகப்பட்டு எடுத்தால் 0. ஆஸ்பத்திரியில் அழகுக்காக எடுத்தால் 18. பார்லரில் அழகு சேவை என்று எழுதினால் 5. ஒரே கன்னம், ஒரே மச்சம்! 'இதை எதற்காக எடுக்கிறாய்?' என்ற கேள்வியை வரித்துறைகூடக் கேட்கிறது. பேனா பிடித்தவர் கேட்கவில்லை.

வருஷத்துக்கு 20 லட்சம் வியாபாரம் தாண்டாத கடைக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. தப்பில்லை, சின்னக் கடைகள் பிழைக்க வேண்டும். ஆனால் ஜிஎஸ்டி இல்லை என்றால் பில்லே இல்லை என்று ஆகிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பிசினஸ் லா பேப்பரில் எழுதி மார்க் வாங்கிய ஆள் நான். 800 ரூபாய்க்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கேட்காமல் வந்ததும் நானேதான். என்னத்தைப் படித்தேனோ!

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018இல். இருபத்தோரு வருஷம்! இதற்கு நடுவில், 2016 மே மாதம், சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலைய உரிமம் மட்டும்தான். டாக்டருக்குப் படித்த பையனே ஏமாந்தான் என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு? 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், வொர்க்‌ஷாப்பிலும் யூட்யூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு இந்த மாதிரி அழகு சிகிச்சைகளைச் செய்யக் கூடாது என்று டாக்டர்களுக்கே சொன்னது. டாக்டருக்கே யூட்யூப் போதாது என்றால், பேனாவோடு வரும் நாலு பக்க மேனுவல் யாருக்குப் போதும்?

எதிர்க்கேள்விகள்

இதை வீட்டிலும் காலேஜிலும் பேசியபோது வந்த கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன்.

"பார்லர் வச்சிருக்கறதும் கஷ்டப்படற பொம்பளைங்கதானே, அவங்க பொழப்புல ஏன் மண்ணப் போடற?" நியாயமான கேள்வி. த்ரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எதற்கும் நான் எதிரி இல்லை. அந்த அக்காவுக்கும் யாரோ ஒரு டீலர் "ஒரு நாள் ட்ரெயினிங் போதுங்க, ஒரே மாசத்துல போட்ட காசு வந்துரும்" என்று சொல்லித்தான் மெஷினை விற்றிருப்பார். நாளைக்கு ஏதாவது ஆனால் டீலர் போனை எடுக்க மாட்டார், மாட்டுவது அந்த அக்காதான். என் கோபம் முதலில் விற்றவர் மேல், அடுத்தது சும்மா இருக்கும் அதிகாரிகள் மேல்.

"தோல் டாக்டர்கிட்ட போனா ஆயிரக்கணக்குல ஆகுமே?" லேசருக்கு ஆகலாம். பார்ப்பதற்கு ஆகாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் நின்றால் ஒரு காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். ஒரு நாள் லீவு போட வேண்டும், அதுதான் விலை. பனியன் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் பெரிய விலைதான், மறுக்கவில்லை. பதினொரு நாள் பயத்துக்கு முன்னால் அது சின்ன விலை.

"டாக்டர்களும் லேசர் பண்றாங்களே?" பண்ணுகிறார்கள். லென்ஸில் பார்த்து, ஆபத்தில்லாதது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு பண்ணுகிறார்கள். சந்தேகம் இருந்தால் வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். நம் நிறத் தோலில் சூடு பட்ட இடம் கறுத்துப் போகும், சிலருக்குத் தழும்பு தடித்து வளரும் என்பதையும் முன்கூட்டியே சொல்வார்கள். 'தழும்பு இல்லை' என்று போர்டில் எழுதுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பார்க்காமல் லேசரைத் தூக்கும் டாக்டர் இருந்தால், இந்தக் கட்டுரை அவருக்கும்தான்.

"என் முகம், என் மச்சம், உனக்கென்ன?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. உங்கள் முகம்தான். நீங்களாக ஆசைப்பட்டு எடுத்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் அக்கா ஆசைப்பட்டா எடுத்தாள்? நம் தமிழைக் கவனித்துப் பாருங்கள். பையனுக்கு அதிர்ஷ்டம் அடித்தால் "உனக்கு மச்சம்டா" என்கிறோம், 'மச்சக்காரன்' என்கிறோம். பெண்ணுக்கு மச்சம் இருந்தால் மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எந்த இடத்தில் இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்று தேடுகிறோம். கைக்குழந்தைக்குக் கண் படக் கூடாது என்று கன்னத்தில் மையால் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பதும் நாம்தான். அதே கன்னத்தில் சாமி வைத்த பொட்டை இருபத்தி நாலு வயதில் காசு கொடுத்துக் கருக்குவதும் நாம்தான். அந்த மாப்பிள்ளைக்கு மூக்கு மேலேயே ஒரு மச்சம் இருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. நான் உள்பட.

போவதாக இருந்தால்

எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு:

1. செய்யப்போவது யார் என்று கேளுங்கள். டாக்டர் என்றால் பதிவு எண் இருக்கும், மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே விலை சொல்பவர் வியாபாரி.

3. போவதற்கு முன் வெயில் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். தேதியோடு.

4. புதிதாக வந்தது, மாறிக்கொண்டு இருப்பது, ரத்தம் கசிவது, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தில் இருப்பது... இவற்றுக்கு லேசர் என்ற பேச்சே வேண்டாம்.

5. வெட்டி எடுத்தால் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள்.

6. பில்! எந்தக் கருவி, எந்த இடம், என்ன தேதி, யார் செய்தார். நாலு விவரமும் அதில் இருக்கட்டும்.

7. டாக்டர் இல்லாமல் தோலைச் சுடும் இடம் உங்கள் தெருவில் இருந்தால், மாவட்டத்தில் நலப்பணிகள் இணை இயக்குநர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதுங்கள். கட்டுரை எழுதினால் மட்டும் போதாது என்று நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பார்ப்போம்.

அரசாங்கத்துக்கு ஒரே கோரிக்கை. கடைக்கு உரிமம் கொடுக்கும்போது வாடகை ஒப்பந்தம், வரி ரசீது எல்லாம் பார்க்கிறீர்கள். உள்ளே என்ன மெஷின் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

சரி, ரிசல்ட். பன்னிரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. சாதாரண மச்சம், பயப்பட ஒன்றுமில்லை. பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மிச்சி பத்திரிகைக் கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

'பார்த்தியா, ஒண்ணுமில்ல, இதுக்குப் போயி இத்தனை பெரிய கட்டுரையா?' என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை என்பதை முதல் நாளே இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் 800 ரூபாய் கொடுத்து எரித்தோம். அதுவும் நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய்.

இப்போது அக்காவின் கன்னத்தில் மச்சம் இல்லை. அரை அங்குலத்துக்கு ஒரு தையல் தழும்பு இருக்கிறது. போன வாரம் ஏதோ ஒரு அப்ளிகேஷனில் அங்க அடையாளம் எழுதச் சொன்னார்களாம். எனக்கு போன் செய்து, "டி.சி.ல இருக்கற மாதிரி மச்சம்னு எழுதட்டுமா, இல்ல தழும்புன்னு எழுதட்டுமாடா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.